வீட்டில் இருப்பவர்கள்

ஆள் உயரக் கண்ணாடி ஒன்றைத் தெரு வழியே தூக்கிக்கொண்டு போவது வெறும் பாரம் சுமக்கும் வேலை அல்ல. இரண்டு பேர் ஒரே ஆளாக நடக்கவேண்டிய வேலை. முன்னால் போகிறவர் சற்றுத் தயங்கினால் பின்னால் வருகிறவரின் கை முந்திவிடும். முந்தினால் கதை முடிந்தது. பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் கண்ணாடிக் கடை வைத்திருந்தவரும் அவருடைய தம்பியும் அப்படி நடந்து பழகியவர்கள். தம்பி முன்னால், அண்ணன் பின்னால். தம்பிக்கு வாய் ஓயாது.

"பள்ளம் அண்ணா, பாத்து... இடது பக்கம் சைக்கிள்... நடுரோட்டுல நாய் படுத்திருக்கு, எழுந்திருக்க மனசில்ல, பெரிய ஆபீசர் போல... நாமளே ஒதுங்கிப் போவோம்..."

இப்படி வழி நெடுகச் சொல்லிக்கொண்டே போவார். அதனால் தெருவில் அவருக்கு ரேடியோ என்று பெயர். அப்படிக் கூப்பிட்டால் கோபிக்க மாட்டார். "எந்த ஸ்டேஷன் வேணும்?" என்று கேட்பார்.

ரேடியோவுக்கு வாலிப வயதில் ஒருமுறை மனம் கலங்கிப்போனது. கடையில் இருந்த கண்ணாடிகளை எல்லாம் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, யாரோ தன்னையே பார்க்கிறார்கள் என்று மூலையில் உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மருந்து பிடித்துக்கொண்டது. ஆள் தேறி வந்து பழையபடி கடை வேலையில் நின்றார். கண்ணாடிக்காரருக்குக் கல்யாணமாகி மனைவி வந்த பிறகு, ராத்திரிச் சாப்பாட்டுத் தட்டின் ஓரத்தில் மாத்திரையை எடுத்து வைப்பது அவள் பொறுப்பாயிற்று.

"விருந்தும் மருந்தும் மூணு நாள்னு சொல்வாங்க அண்ணி. உங்க கையில ரெண்டுக்குமே முடிவு இல்ல போல" என்பார் ரேடியோ.

"பேசாம முழுங்குங்க தம்பி."

"பேசாம முழுங்குறதா? அது மட்டும் நம்மால முடியாது."

அந்த வீட்டில் இருந்தவர்கள் இவர்கள் மூன்று பேர்தான். பிள்ளை இல்லை. டாக்டர் மாற்றி டாக்டர் பார்த்து அலுத்துப்போய், அந்தப் பேச்சையே விட்டுவிட்டார்கள். ஒருநாள் யாருடைய குடும்பப் படத்துக்கோ சட்டம் அடித்துக்கொண்டிருந்த மனைவி, சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, "ஏங்க, நாம ஒரு குழந்தையைத் தத்து எடுத்துக்கலாமா?" என்றாள்.

கண்ணாடிக்காரர் அப்போது வைரக் கட்டரை அளவுகோலோடு ஒட்டி இழுத்துக்கொண்டிருந்தார். கோடு இழுக்கும்போது பேச மாட்டார். நடுவில் கை நின்றால் கோடு கெடும். கெட்ட கோட்டின் மேல் மறுபடி இழுத்தால் கண்ணாடி தன் இஷ்டத்துக்கு உடையும். கோட்டை முடித்து, அடியில் லேசாகத் தட்டி, துண்டைப் பிரித்து எடுத்துவைத்த பிறகுதான் நிமிர்ந்து பார்த்தார்.

"எடுத்துக்கலாம்" என்றார்.

கணினி மையத்தில் உட்கார்ந்து பதிவு செய்தார்கள். கல்யாணச் சான்று, வருமானச் சான்று, உடல்நலச் சான்று என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. அடுத்தது வீட்டு ஆய்வு என்றார்கள். சமூகப் பணியாளர் ஒருவர் வீட்டுக்கு வருவார், உட்கார்ந்து பேசுவார், வீட்டில் இருக்கும் எல்லோரையும் பார்ப்பார், அவர் எழுதித் தருகிற அறிக்கையை வைத்துத்தான் மேற்கொண்டு நடக்கும்.

இந்த இடத்தில்தான் வக்கீல் மச்சான் உள்ளே வந்தார். மனைவியின் அண்ணன். வக்கீலுக்குப் படித்தவர் இல்லை. வக்கீல் ஒருவரிடம் கொஞ்ச காலம் டைப் அடித்தவர், அவ்வளவுதான். ஆனால் 'தெரியாது' என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து யாரும் கேட்டதில்லை.

"வீட்ல இருக்கிற ஒவ்வொருத்தரையும் துருவித் துருவிக் கேப்பாங்க மாப்ள. தம்பியைப் பத்தி என்ன சொல்லப் போறீங்க?"

"என்ன சொல்றது? தம்பின்னு சொல்லுவேன்."

"ஆஸ்பத்திரி விஷயம்?"

"அது எந்தக் காலத்துக் கதை மச்சான்."

"கதை பழசா இருக்கலாம். மாத்திரை புதுசுதானே? மாசா மாசம் வாங்குறீங்களா இல்லையா? யோசிச்சுப் பாருங்க. முன்னால கண்ணாடிக் கடை, பின்னால புத்தி சரியில்லாத ஆள். நீங்களே ஜட்ஜா இருந்தா இந்த வீட்டுக்குக் குழந்தையைக் கொடுப்பீங்களா?"

புத்தி சரியில்லாத ஆள் என்று சொன்னபோதே எழுந்து நின்று, "இன்னொரு தடவை அப்படிச் சொல்லாதீங்க" என்று சொல்லியிருக்க வேண்டும். கண்ணாடிக்காரருக்கு முகம் சுட்டது. ஆனால் எழுந்திருக்கவில்லை. மனைவி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் ஒண்ணும் கெடுதல் சொல்லல. கொஞ்ச நாள் வேற எங்கேயாவது இருக்கட்டும். கோர்ட்டு உத்தரவு கைக்கு வந்ததும் கூட்டிட்டு வந்துடுங்க. அப்புறம் யாரு கேக்கப் போறா?"

சில நாட்கள் இது முடிவாகாமல் கிடந்தது. பேச்சு வரும்போதெல்லாம் கண்ணாடிக்காரர் கடைப்பக்கம் போய்விடுவார். ஒரு மத்தியானம் கண்ணாடி விளிம்பைச் சாணைக்கல்லில் தேய்த்துக்கொண்டிருந்தபோது ரேடியோ தானாகவே ஆரம்பித்தார்.

"அண்ணா, ஆத்துப்பாலத்துக்கு அந்தப் பக்கம் மரக்கடை இருக்குல்ல, அந்த முதலாளி வாட்ச்மேன் தேடிட்டு இருக்காரு. மாடியில ஒரு ரூமும் இருக்காம். நான் போய்க் கொஞ்ச நாள் இருக்கட்டுமா?"

கண்ணாடிக்காரரின் கை நின்றது. "யாருடா சொன்னா உனக்கு?"

"கடைக்கும் வீட்டுக்கும் நடுவுல இருக்கிறது ஒரு பலகைத் தடுப்பு. ரேடியோவுக்குக் காது இருக்காதா அண்ணா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்த நேரத்தில் ஒரே ஒரு வார்த்தை போதும். 'வேண்டாம்' என்றோ, 'போடா வேலையைப் பாரு' என்றோ சொன்னால் அதோடு முடிந்திருக்கும். கண்ணாடிக்காரர் கல்லில் தண்ணீர் தெளித்தார். பிறகு, "அங்க சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவே?" என்று கேட்டார்.

கேட்ட பிறகுதான் தன் பதில் என்னவென்று அவருக்கே தெரிந்தது.

மனைவி தம்பியின் சட்டைகளைத் துவைத்து மடித்து வைத்தாள். மாத்திரை அட்டைகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு, "மறக்காம போடுங்க தம்பி" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அவர் பாலத்தைத் தாண்டியிருக்கமாட்டார், அதற்குள் அவர் கட்டிலைக் கழற்றிப் பரணில் ஏற்றினார்கள். சுவருக்கு வெளிர் மஞ்சள் அடித்தார்கள். குழந்தைக்குத் தனியாக ஓர் அறை இருப்பது நல்லது என்று மச்சான் சொல்லியிருந்தார்.

ஆய்வுக்கு வந்த அம்மையார் மெல்லப் பேசுகிறவர். முழங்கால் வலி போல, படியேறும்போது சுவரைப் பிடித்துக்கொண்டார். கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் கண்ணாடிக்காரர் போட்டிருந்த மரக்கதவை இரண்டு முறை திறந்து மூடிப் பார்த்தார். கடையில் இருந்த கண்ணாடிகளின் விளிம்பை விரலால் தடவினார். எல்லாம் வழவழவென்று இருந்தது. யாருக்கும் விரல் கீறக்கூடாது என்று கண்ணாடிக்காரர் ராப்பகலாகத் தேய்த்து வைத்திருந்தார். அம்மையாருக்கு முகம் மலர்ந்தது.

கிளம்பும்போது சுவரோரம் சாய்த்திருந்த பெரிய கண்ணாடிப் பலகைகளைப் பார்த்து நின்றார்.

"இவ்வளவு பெருசை எப்படித் தூக்குறீங்க? அந்தப் பக்கத்தை யாரு பிடிப்பா?"

கெட்ட எண்ணத்தோடு கேட்ட கேள்வி இல்லை. வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ளும் ஆசைதான்.

"கூலிக்கு ஆள் வருவாங்க மேடம்."

"வீட்ல நீங்க ரெண்டு பேர் மட்டும்தானே?"

"ரெண்டு பேர் மட்டும்தான்."

திக்கும், வாய் குழறும் என்று பயந்துகொண்டிருந்தார். ஒன்றும் ஆகவில்லை. புது கட்டரால் இழுத்த கோடு போல நேராக வந்தது. மனைவி, கையிலிருந்த தட்டில் காலி டம்ளரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு காத்திருப்பு. சேதி வரும் என்று போனைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்த காலம். ஒருநாள் ஒரு பெண் குழந்தையின் படமும் மருத்துவ விவரமும் வந்தன. குழந்தைகள் இல்லத்துக்குப் போனார்கள். தத்தித் தத்தி ஓடுகிற வயது. வந்து நின்று, மனைவியின் கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டது. கிளம்பும் வரை விடவே இல்லை. அன்றிலிருந்து அதற்குக் குட்டி என்று பெயர்.

குட்டி வீட்டுக்கு வந்த பிறகு ஒரு விஷயத்தில் சிரமப்பட்டார்கள். சோறு ஊட்டினால் வாயைத் திறக்காது. தட்டை முன்னால் வைத்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும். இல்லத்தில் எல்லாப் பிள்ளைகளும் வரிசையாக உட்கார்ந்த பிறகுதான் சாப்பாடு ஆரம்பிக்கும் என்பது பிறகுதான் தெரிந்தது. புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு தட்டோடு தரையில் உட்கார்ந்தார்கள். அப்படியும் அது வாசலைப் பார்க்கும். இன்னும் ஆள் வரவேண்டும் என்பதுபோல.

"அவ்வளவுதான்டா தங்கம். வேற யாரும் இல்ல. நாம மட்டும்தான்" என்பாள் மனைவி. கண்ணாடிக்காரர் குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார்.

"குழந்தை இப்போ உங்க பொறுப்புல இருக்கா. சட்டப்படி இன்னும் உங்க பொண்ணு இல்ல. கோர்ட்டு உத்தரவு போட்டாதான்" என்று அம்மையார் விளக்கியிருந்தார். அந்த 'இன்னும்' வீட்டில் எல்லா இடத்திலும் நடமாடியது. குட்டிக்குச் சளி பிடித்தால், கீழே விழுந்து முட்டி சிராய்த்தால், இரண்டு பேருக்கும் முதலில் அதுதான் ஞாபகத்துக்கு வரும். அக்கம்பக்கத்தில்கூட விசாரிப்பார்கள், தம்பி தலையே தென்படக்கூடாது என்று மச்சான் வேறு ஓதிக்கொண்டிருந்தார்.

ரேடியோ அதைக் கறாராகக் கடைப்பிடித்தார். கடை வாசலை மிதிக்கவில்லை. போனில் கூப்பிட்டால், "வேலை ஜாஸ்தி அண்ணா" என்று சீக்கிரம் வைத்துவிடுவார்.

ஒரு காலையில் கண்ணாடிக்காரர் குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு தெருக்கோடி டீக்கடைக்குப் போனார். அங்கே பெஞ்சில் ரேடியோ உட்கார்ந்திருந்தார். மெலிந்திருந்தார். தாடி வளர்ந்திருந்தது. குழந்தையைப் பார்த்ததும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். பக்கத்து பெஞ்சில், தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த பள்ளிக்கூட வாத்தியார் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அம்மையார் விசாரித்தால் இவரைத்தான் விசாரிப்பார் என்று கண்ணாடிக்காரர் மனதுக்குள் ஏற்கெனவே குறித்து வைத்திருந்த ஆள்.

குட்டி கையை நீட்டியது. "யாரு?" என்றது. அதற்குத் தெரிந்த சில வார்த்தைகளில் அது ஒன்று.

சித்தப்பா என்று சொல்லவேண்டும். அந்த வார்த்தை வாய் வரைக்கும் வந்தது. வாத்தியார் பேப்பரைத் தாழ்த்தினார்.

"மாமாடா. மாமாவுக்கு டாட்டா சொல்லு" என்றார் கண்ணாடிக்காரர்.

தெருவில் போகிற வருகிற ஆம்பிளை எல்லாம் குழந்தைக்கு மாமாதான். பால்காரர் மாமா. கண்டக்டர் மாமா. கூடப் பிறந்தவரை அந்த வரிசையில் நிறுத்திவிட்டு நின்றார் அவர்.

ரேடியோவின் முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை. ஒரு நொடிதான். பிறகு சிரித்தார். "டாட்டா பாப்பா" என்று கையை ஆட்டினார். வாத்தியார் பக்கம் திரும்பி, "நல்ல லட்சணமான குழந்தை சார்" என்று, முன்பின் தெரியாதவர் சொல்வதுபோலவே சொன்னார். டீயைக் குடிக்காமல் பாலத்துப் பக்கம் நடந்து போனார்.

கோர்ட்டில் மனு போட்டாயிற்று. விசாரணைக்குத் தேதி கொடுத்தார்கள். அந்தத் தேதி நெருங்கி வந்த வாரத்தில் மரக்கடை முதலாளியிடமிருந்து போன் வந்தது.

"உங்க தம்பி ரெண்டு மூணு நாளா தூங்கலைங்க. மரத்தை எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி ஜன்னலை அடைச்சு வச்சிருக்காரு. வெளியே வர மாட்டேங்குறாரு. யாரோ பாக்குறாங்களாம். எனக்குப் பயமா இருக்கு, வாங்க."

கண்ணாடிக்காரர் போனபோது அடைத்த ஜன்னலின் கீழே ரேடியோ குந்தியிருந்தார். முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். யாரோடு என்று தெரியவில்லை. அண்ணனைப் பார்த்ததும் பதறி, "நீ ஏன் அண்ணா வந்தே? பாத்துடுவாங்க, போ, குழந்தையைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க, போ" என்று தள்ளினார். பிஸ்கட் டப்பா அலமாரியில் இருந்தது. பாதி அட்டைகள் பிரிக்கப்படவே இல்லை.

ஆஸ்பத்திரியில் இளவயது டாக்டர் ஒருவர் கேட்டார்: "இத்தனை காலமா நல்லா இருந்திருக்காரே. மாத்திரையை ஏன் நிறுத்தினாரு?"

"நிறுத்தணும்னு நிறுத்தல டாக்டர். மறந்திருப்பான்."

"முன்னாடி யாரு ஞாபகப்படுத்துவாங்க?"

"வீட்ல."

"இப்போ வீட்ல இல்லையா?"

கண்ணாடிக்காரர் டாக்டருடைய மேஜையின் மேல் போட்டிருந்த கண்ணாடியைப் பார்த்தார். ஓரத்தில் சில்லு பெயர்ந்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். அவள் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். வெகு நேரம் அழுதாள். பிறகு, கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் முகத்தைப் படித்தாள்.

"நீங்க என்ன நினைக்கிறீங்கன்னு தெரியுது. வேண்டாம்."

"சொல்லிடலாம்."

"சொன்னா தம்பிக்கு உடம்பு சரியாகிடுமா? விசாரணை முடியட்டும். உத்தரவு கைக்கு வரட்டும். அன்னிக்கே போய் நான் அவர் கால்ல விழுந்து கூட்டிட்டு வரேன்."

"அவன் அங்க படுத்துக் கிடக்கும்போது நான் போய் ஜட்ஜுகிட்ட வீட்ல ரெண்டு பேர்தான்னு மறுபடியும் சொல்லணுமா?"

"ஏங்க, குட்டியைத் திருப்பி வாங்கிட்டுப் போயிட்டா? அது தினமும் வாசலைப் பாக்குது. மறுபடி எந்த வாசலைப் போய்ப் பாக்கும்?"

"சரி, சொல்லல" என்றார். தன் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்யச் சொன்னாள் அவள். செய்தார்.

விசாரணை நாளில் தாழ்வாரத்தில் பெஞ்சு போட்டிருந்தார்கள். குட்டிக்குப் புது கவுன். மனைவி அதற்குத் தண்ணீர் காட்டக் குழாயடிக்குத் தூக்கிப் போனாள். அம்மையார் பெஞ்சில் காலை நீட்டி முழங்காலைத் தடவிக்கொண்டு, "இன்னிக்கு முடிஞ்சுடும். அறிக்கை எல்லாம் சுத்தமா இருக்கு. நான் எழுதினதுலயே மனசுக்கு நிறைவா எழுதின வீடு உங்களுது" என்றார்.

கண்ணாடிக்காரர் வாயைத் திறந்தார். பெண்டாட்டியின் தலையில் கை வைத்தது ஞாபகம் இருந்தது. அப்படியும் திறந்தார்.

"மேடம், எனக்கு ஒரு தம்பி இருக்கான்."

"அப்படியா?"

"எங்க கூடத்தான் இருந்தான். நீங்க வர்றீங்கன்னு அனுப்பிட்டோம்."

எல்லாவற்றையும் சொன்னார். அம்மையார் காலை மடக்கி நேராக உட்கார்ந்தார். அவருக்குக் கோபம் உடனே வரவில்லை. முதலில் வந்தது வருத்தம்.

"மாத்திரை போட்டுட்டு ஒழுங்கா வேலைக்குப் போறவங்க எத்தனை வீட்ல இருக்காங்க தெரியுமா? அதுக்கெல்லாம் குழந்தை கிடையாதுன்னு உங்களுக்கு யாரு சொன்னது? அவரோட உக்காந்து ஒரு பேச்சு, டாக்டர்கிட்ட ஒரு கடிதம். அவ்வளவுதான் நான் கேட்டிருப்பேன்."

"தெரியாது மேடம்."

"தெரியலைன்னா கேக்கணும். நான் வாய் விட்டுக் கேட்டேனே, அந்தப் பக்கத்தை யாரு பிடிப்பான்னு." இப்போது கோபம் வந்துவிட்டது. "நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கேன். இப்போ உள்ள போய் அந்த அறிக்கை தப்புன்னு நானே சொல்லணும்."

மனைவி குழந்தையோடு திரும்பி வந்தாள். இரண்டு பேரின் முகத்தையும் பார்த்தாள். குட்டியை மார்போடு இறுக்கிக்கொண்டு பெஞ்சின் அந்தக் கோடியில் போய் உட்கார்ந்தாள்.

நீதிபதி சத்தம் போடவில்லை. அம்மையார் சொன்னதைக் கேட்டார். கண்ணாடிக்காரரைப் பார்த்து, "பொய் சொன்ன வீட்டை எதை வச்சு நம்புறது?" என்று மட்டும் கேட்டார். குழந்தை இப்போதைக்கு இவர்கள் வீட்டிலேயே இருக்கட்டும், வேறொரு பணியாளர் புதிதாக ஆய்வு செய்து அறிக்கை தரட்டும், தம்பியையும் நேரில் பார்க்கட்டும் என்று சொல்லித் தேதியைத் தள்ளிவைத்தார். அம்மையாருக்கு அலுவலகத்தில் மெமோ கொடுத்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டார்கள். கண்ணாடிக்காரர் போய் மன்னிப்புக் கேட்டார். "குழந்தையை நல்லா பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு அம்மையார் மேஜையில் இருந்த வேறு காகிதங்களைப் பார்க்கத் தொடங்கினார்.

அந்த நாட்களில் மனைவி புருஷனோடு பேசவில்லை. குழந்தையை வைத்துத்தான் பேச்சு. "அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு." "அப்பாகிட்ட கடைச் சாவியைக் கேளு." ராத்திரி குட்டி புரண்டு படுத்தால் எழுந்து உட்கார்ந்து அதன் காலைப் பிடித்துக்கொள்வாள். தம்பியைக் கைவிட்டதும் தான், சத்தியத்தை மீறியதும் தான், இப்போது குழந்தை போனால் அதுவும் தன் கையால்தான் என்று கண்ணாடிக்காரர் பாயில் விழித்துக் கிடப்பார். எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாலும் உறுத்தியது.

புதிய பணியாளர் இளைஞர். ரேடியோ தேறி, ஆஸ்பத்திரியிலிருந்து மரக்கடைக்கே திரும்பியிருந்தார். அங்கேயே போய்ப் பார்த்தார்கள். கண்ணாடிக்காரரும் கூட இருந்தார்.

"அண்ணன் வீட்டை விட்டு ஏன் வந்தீங்க?" என்று கேட்டார் பணியாளர்.

"இங்க வேலை கிடைச்சுது சார்."

"யாராவது போகச் சொன்னாங்களா?"

"யாரும் சொல்லல சார்" என்றார் ரேடியோ. மெதுவாக, வார்த்தைகளை எண்ணிப் பேசினார். மருந்தின் வேகம் இன்னும் குறையவில்லை. "அண்ணன் என்னை ஒருநாளும் போன்னு சொன்னது இல்ல."

பொய் என்று அதைச் சொல்லமுடியாது. யாரும் போகச் சொல்லவில்லைதான். இருக்கச் சொல்லவும் இல்லை. கண்ணாடிக்காரர் அடுக்கி வைத்திருந்த பலகைகளின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

டாக்டரின் கடிதம் சேர்ந்தது. அறிக்கை போனது. அடுத்த விசாரணையில் நீதிபதி எல்லாவற்றையும் படித்துவிட்டு உத்தரவு போட்டார். குட்டி சட்டப்படி அவர்கள் மகள் ஆனது. மனைவி அந்த அறையிலேயே விசும்பி அழுதாள். வெளியே வந்ததும், இத்தனை நாளுக்குப் பிறகு, புருஷன் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"நேரா மரக்கடைக்குப் போங்க."

குழந்தையையும் தூக்கிக்கொண்டு போனார்கள். ரேடியோ குட்டியை வாங்கித் தலையை முகர்ந்தார். உத்தரவைப் பற்றிக் கேட்டுச் சந்தோஷப்பட்டார். மனைவி அவர் முன்னால் கை கூப்பி நின்று, "தம்பி, வீட்டுக்கு வாங்க. தப்பு எங்க மேலதான்" என்றாள். அவர் பதறிப்போய், "ஐயோ, என்ன அண்ணி இதெல்லாம்" என்று கூப்பிய கையைப் பிரித்துவிட்டார்.

"பெட்டியை எடுடா. கிளம்பு" என்றார் கண்ணாடிக்காரர்.

"வரேன் அண்ணா. ஞாயித்துக்கிழமை வரேன்."

"ஞாயித்துக்கிழமை எதுக்கு? இப்பவே வா. வந்து இரு."

ரேடியோ மரத்தூளைக் காலால் ஒதுக்கினார். "இங்க வேலை இருக்கே அண்ணா. முதலாளி கஷ்டத்துல கைவிடல. அவர் வீட்டம்மா தினமும் போன் பண்ணி மாத்திரை போட்டீங்களான்னு கேக்குறாங்க. இடம் பழகிடுச்சு." கொஞ்சம் பொறுத்து, "கோபம் எல்லாம் ஒண்ணும் இல்ல அண்ணா" என்றார். கோபம் இருந்திருந்தால் நன்றாக இருக்கும் என்று கண்ணாடிக்காரருக்குத் தோன்றியது. கோபப்படுகிறவனைச் சமாதானப்படுத்தி இழுத்துக்கொண்டு வந்துவிடலாம்.

சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை வந்தார். கண்ணாடிக்காரர் உள்ளறையில் பரணிலிருந்து இறக்கிய கட்டிலைப் பூட்டிக்கொண்டிருந்தார். எப்படியாவது பேசி இருக்க வைத்துவிடலாம் என்று ஒரு நம்பிக்கை. வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. பிறகு யாரோ கதவை விரலால் தட்டினார்கள். கதவு திறந்துதான் இருந்தது.

"அண்ணி, உள்ள வரலாமா?"

கண்ணாடிக்காரரின் கையிலிருந்த திருப்புளி நின்றது. எழுந்து போகவேண்டும் என்று நினைத்தார். கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

பிறகு மனைவியின் குரல் கேட்டது.

"வாங்க தம்பி" என்றாள்.

அந்த வீட்டு வாசலில் அவரை அதுவரை யாரும், விருந்தாளியைச் சொல்வதுபோல, வாங்க என்று சொன்னதில்லை.